பகல்காரருக்கு ஒரு நாற்காலி

“போங்க” என்று மாஸ்டரம்மா போன வாரம் சொன்ன ஒற்றைச் சொல், அந்த வீட்டில் எல்லோருக்கும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

விஷயம் இதுதான். நம் டிரைவர் பேருந்தை விட்டு இறங்கி, ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டின் முன்னறையில் மனைவி சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிறாள். ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், தெருவே அவளை மாஸ்டரம்மா என்கிறது. பின்னால் சமையலறையில் இவர் சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், ‘அந்த நூல்கண்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க’ என்று குரல் வந்தால் எடுத்துக் கொடுக்கிறார். ஒரு பேருந்து நிறைய ஜனங்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டிய மனிதருக்கு இது போதவில்லை.

வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலையாட்களை ஏற்றி இறக்கும் பேருந்துக்கு ஆள் தேடுகிறார்கள், தங்க அறையும் தருகிறார்கள், திங்கட்கிழமையே சேரலாம் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்த்தார்.

சொல்லிப் பார்த்தார் என்பதுதான் சரி. ‘இந்த வயசுல எதுக்கு, பேசாம இருங்க’ என்று மனைவி சொல்வாள், இரண்டு நாள் பிகு பண்ணிவிட்டு இருந்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. மாஸ்டரம்மாவோ ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “போங்க. உங்க இஷ்டம்” என்றாள். கணக்கு கவிழ்ந்துவிட்டது.

தொழிற்சாலை மேனேஜர் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு போன் செய்வார். அப்போது வருகிறாரா இல்லையா என்று டிரைவர் முடிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்று சனிக்கிழமை.

போதாக்குறைக்கு இதே சனிக்கிழமையில்தான் வானொலிக்காரர்களும் வந்து விழவேண்டுமா? நிலையத்தின் ஆண்டுவிழாவுக்காக நேயர்களில் ஒருவரைக் குலுக்கிப்போட்டு எடுத்தார்கள். மாஸ்டரம்மாவின் பெயர் வந்தது. நிலையத்து அறிவிப்பாளர்கள் நான்கு பேரில் அவளுக்குப் பிடித்த ஒருவர் இன்று மாலை வீட்டுக்கே வந்து சாப்பிடுவார். நான்கு பேரும் மாலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். யார் என்று காலையில் சொல்லிவிட்டால் போதும்.

மகளும் மாப்பிள்ளையும் விடிந்ததுமே வந்து இறங்கிவிட்டார்கள். மகள் பல் மருத்துவமனையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அப்பா எட்டு மணிக்கு என்ன சொல்லப்போகிறார் என்ற கவலை அவளுக்கு. மாப்பிள்ளைக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. அவர் கடைகளுக்கு விளம்பரப் பலகை செய்து மாட்டுகிறவர். உலகத்தையே பலகைக்கு மேலே, பலகைக்குக் கீழே என்று இரண்டாகப் பார்க்கிறவர்.

“அத்தை, இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. காலைப் புயலைச் சொல்லுங்க. ஊரே அவர் பேச்சைக் கேட்டுத்தான் பல் தேய்க்குது. அவரு இங்க நின்னு ஒரு போட்டோ எடுத்துப் போட்டாருன்னா போதும், உங்க கடை எங்கயோ போயிடும்.”

“கடை எங்கயும் போக வேண்டாம் மாப்பிள்ளை. இங்கயே இருக்கட்டும்,” என்றாள் மாஸ்டரம்மா. “அவரு பேசறதைக் கேட்டா எனக்கு மூச்சு வாங்குது. சாப்பிடற நேரத்துல எதுக்கு?”

“அப்ப சாயங்காலம் வர்ற டாக்டரம்மா?” என்றாள் மகள்.

“வந்து உப்பைக் குறைங்கம்பாங்க. உங்கப்பா சமையலுக்கு அது சரிப்படாது.”

“விளையாட்டுச் செய்தி சொல்றவரு?”

“அவரு இன்னொரு வீட்டுக்குப் போகட்டும்.”

போன் வந்தது. நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். மாஸ்டரம்மா துளியும் தயங்காமல், “பதினோரு மணிக்கு வருவாரே, பகல்காரரு. அவரை அனுப்புங்க” என்றாள்.

“அவரையாம்மா?” என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல்.

“ஏன், அவரு சாப்பிட மாட்டாரா?”

சாப்பிடுவார் என்று அந்தப் பெண் அவசரமாக ஒப்புக்கொண்டாள். மாப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. சமையலறையில் ஒரு கரண்டி, வைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக வைக்கப்பட்டது.

டிரைவர் தோளில் துண்டோடு வாசலில் வந்து நின்றார்.

“உன் ஆளு வராராக்கும்.”

“ஆமா.”

“என்ன செய்யணும்?”

“நீங்கதானே சமைக்கறீங்க. உங்க இஷ்டம்.”

அதே ‘உங்க இஷ்டம்’. டிரைவர் திரும்பிப் போய்விட்டார். மகளுக்கு அம்மாவின் வாயில் ஒரு பிளாஸ்திரி ஒட்டலாமா என்று இருந்தது.

மாஸ்டரம்மாவின் கடையில் ஒரு ஒழுங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பகல்காரர் பேசும்போது அங்கே தையல் மெஷின் ஓடாது. அவர் குரல் வந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கைவேலைக்குப் போய்விடுவாள். துணியில் குண்டூசி குத்துவாள், சாக்பீஸால் கோடு போடுவாள், கோணூசியால் மூலைகளை இழுத்து முடிவாள். அவர் பேசி முடித்துப் பாட்டைப் போட்டதும் மெஷின் கிளம்பும். சோபாத் துணி தைக்கிற மெஷின். அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஒரு நீளத் தையல் முடிந்து நிறுத்தினால் அநேகமாக அங்கே பாட்டும் முடிந்திருக்கும், பகல்காரர் பேச வந்திருப்பார். இப்படியே வருடக் கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, தானாகப் படிந்த பழக்கம்.

இன்றும் பதினோரு மணிக்குக் குரல் வந்தது. மெஷின் நின்றது.

“இன்னைக்கு ராத்திரி ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போறேன்,” என்றார் பகல்காரர். “யார் வீடுன்னு சொல்லக் கூடாதாம். எனக்கு விருந்துன்னு போனா கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியறதில்ல.”

“தட்டுல வெச்சுக்கங்க,” என்றாள் மாஸ்டரம்மா, வாயில் இரண்டு குண்டூசியோடு.

“சின்ன வயசுல ஒரு விருந்துல, யாரும் பாக்கலைன்னு நெனச்சு தண்ணி டம்ளர்ல கையைக் கழுவிட்டேன். அது பக்கத்துல உட்கார்ந்திருந்தவரோட டம்ளர்.”

“அட கடவுளே. அவரு குடிச்சுட்டாரா?”

வானொலிக்குப் பதில் சொல்வதும், அதனிடம் கேள்வி கேட்பதும் அவளுக்குச் சகஜம். மகள் அதைப் பார்த்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். அங்கேயும் ஒரு ரேடியோ இருந்தது. ஓய்வு பெற்றபோது பணிமனை நண்பர்கள் பழைய பேருந்து ஒன்றிலிருந்து கழற்றிப் பரிசாகக் கொடுத்தது. அப்பா உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். ரேடியோ மூச்சு விடாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் அப்பா கையை நீட்டித் திருகைத் திருப்பினார். பாட்டு வந்தது. அது முடிந்து பகல்காரர் “அப்புறம்...” என்று தொடங்கினாரோ இல்லையோ, கை மறுபடி திருகுக்குப் போய்விட்டது.

“ஏம்பா, பேச்சைக் கேக்க மாட்டீங்களா?”

“அதைத்தான் அங்க ஒருத்தி காதைத் தீட்டிட்டு கேக்கறாளே. எனக்கு எதுக்கு?”

மகள் ஒரு கிழங்கை எடுத்துக் கையில் உருட்டினாள். “எட்டு மணிக்கு என்ன சொல்லப்போறீங்க?”

“கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு. உங்கம்மாதான் சொல்லிட்டாளே.”

“நீங்க போறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

டிரைவர் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார். “வண்டி ஓட்டப் பிடிக்கும். தனியா ஒரு ரூம்ல படுத்துக்கறது பிடிக்காது. ஆனா இங்க நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு ஆயிடுச்சே, அதுவும் பிடிக்கல.”

இவ்வளவு நேராக அப்பா பேசி மகள் கேட்டதில்லை. நேரே முன்னறைக்குப் போனாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் மெஷினும் ஓடியது. காத்திருந்து, அது நின்றதும் சொன்னாள்.

“அம்மா, ஒரே ஒரு வார்த்தை. போகாதீங்கன்னு சொல்லிடேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“என்ன வீம்பும்மா இது?”

“வீம்பு இல்லடி.” மாஸ்டரம்மா துணியை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். “இத்தனை வருஷம் ஊர் பூரா சுத்தி வண்டி ஓட்டினவரு. நான் கெஞ்சி அவரை உட்கார வெச்சேன்னா, நாளைக்கு ஜன்னல் வழியா ஒரு பஸ் போறதைப் பார்த்தாலும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாரு. அவருக்கே இருக்கணும்னு தோணணும். எனக்கு வேணும்கறதுக்காக ஒரு ஆளைக் கட்டிப்போட எனக்குத் தெரியாது.”

“உனக்கு வேணுமா, வேண்டாமா?”

“இது ஒரு கேள்வியா?” என்றாள் மாஸ்டரம்மா. வானொலியில் பகல்காரர் வந்துவிட்டார். ஆனால் அவர் சொன்ன எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை, அதை மகள் கவனித்தாள்.

மதியம் நிகழ்ச்சி முடிந்ததும் மாஸ்டரம்மா சாப்பாட்டு மேசைக்குப் போய் நாற்காலிகளைப் பார்த்தாள். வீட்டில் இருப்பது நான்கு. ஊருக்கெல்லாம் உறை தைத்துக் கொடுக்கிறவள் வீட்டில் நான்கு நாற்காலியிலும் ஸ்பாஞ்சு பல்லிளித்துக்கொண்டிருந்தது. வெளி வேலை வந்துகொண்டே இருந்தால் சொந்த வேலைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

சுவர் ஓரத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு இடுக்கில் மகள் பார்த்தாள். அது அப்பாவின் நாற்காலி. அம்மா பழைய உறையைக் கிழித்து எடுத்துவிட்டு, உள்ளே இருந்த ஸ்பாஞ்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்காகத்தான் தைக்கிறாள் என்று மகள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? வருகிறவர் ஒரே ஒருவர், அதுவும் அம்மா தானே தேர்ந்தெடுத்தவர்.

டிரைவரும் அப்படித்தான் நினைத்தார். காய்கறித் தோலைக் கொட்டப் பின்வாசலுக்குப் போனவர், குப்பைத் தொட்டியின் மேல் ஒரு பழைய ஸ்பாஞ்சு கிடப்பதைப் பார்த்தார். பழுப்பேறி, ஒரு பக்கம் அமுங்கி, பள்ளம் விழுந்து கிடந்தது. எத்தனையோ வருடம் தான் உட்கார்ந்த பள்ளம் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

“நான் இன்னும் கிளம்பவே இல்ல,” என்றார் மகளிடம். “அதுக்குள்ள என் நாற்காலியைத் தூக்கி அவருக்குக் குடுத்தாச்சு.”

மகள் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருத்தம் என்று வந்தால் சமையலில் அதைக் காட்ட மாட்டார். கோழி பொன்னிறமாக வெந்தது, உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று வந்தது, சூப்பு மணந்தது.

பகல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் குடை, முகத்தில் சங்கடம். உட்காரச் சொன்னதும் கையை எங்கே வைப்பது என்று நிஜமாகவே தெரியாமல் குடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டரம்மா கைகால் கழுவி உடை மாற்றப் போயிருந்தாள். வரவேற்கும் பொறுப்பை மாப்பிள்ளை தானே எடுத்துக்கொண்டார். புயல் வராவிட்டாலும் வந்தவரைக் கவனிக்காமல் விட முடியுமா? மேசையைப் பார்த்தார். கிழிந்த நாற்காலி மூன்று, பளபளவென்று புதுத் துணி போட்டது ஒன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“சார், இதுல உட்காருங்க. உங்களுக்காகவே அத்தை இன்னைக்குத் தச்சது.”

பகல்காரர் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்தார். சூப்புக் கிண்ணத்தோடு வந்த டிரைவர் அதைக் கேட்டுக்கொண்டே மேசையில் வைத்தார். பிறகு முன்னறையிலிருந்து துணி வெட்டும்போது உட்காரும் ஸ்டூலை எடுத்து வந்து அதில் உட்கார்ந்தார்.

உடை மாற்றிக்கொண்டு வந்த மாஸ்டரம்மா, யார் எதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவள் வாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் மூடியதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வந்த விருந்தாளியை எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு ஆரம்பித்தது. மாஸ்டரம்மாவுக்குப் பேச்சு திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. அந்தத் தண்ணீர் டம்ளர் விஷயத்தைக் கேட்டாள், குடித்தாராம். பகல்காரரின் அண்ணன், அவர் வீட்டுப் பூனை, மூட மறுக்கும் கதவு என்று அவர் வானொலியில் சொன்னது ஒவ்வொன்றாக அவள் விசாரித்தாள். அவருக்கே மறந்துபோனதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. டிரைவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து கோழியைப் பரிமாறினார்.

பகல்காரர் மட்டும் நாற்காலியில் நிலைகொள்ளாமல் இருந்தார். மெல்ல மெல்ல வலது பக்கமாகச் சரிவார், திடுக்கிட்டு நிமிர்வார், மறுபடி சரிவார். வலது பக்கத்தில் மாப்பிள்ளை. அவர் தோளில் இரண்டு முறை சாய்ந்துவிட்டார். ‘எவ்வளவு அன்பான மனுஷன்’ என்று மாப்பிள்ளை மனதுக்குள் புயலைக் கைவிட்டுவிட்டார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா,” என்றார் பகல்காரர். “நேயர்களைப் பார்த்தா நான் கேக்கறது இது ஒண்ணுதான். நான் போடற பாட்டுல உங்களுக்கு எது பிடிக்கும்?”

மாஸ்டரம்மாவின் கை தட்டில் நின்றது. எதையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று மகள் தவித்தாள். ஆனால் மாஸ்டரம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

“பாட்டு நான் கேட்டதில்லைங்க.”

“எந்தப் பாட்டு?”

“எதுவுமே. நீங்க பாட்டுப் போட்டா நான் மெஷினை ஓட்டுவேன். அது ஓடினா ஒண்ணும் கேக்காது. நீங்க பேச வந்தீங்கன்னா நிறுத்திட்டுக் கைவேலை பார்ப்பேன்.”

பகல்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது.

“பாட்டையெல்லாம் நான்தாம்மா பொறுக்கறேன். முந்தின நாள் சாயங்காலம் பூரா உட்கார்ந்து, எதுக்கு அப்புறம் எதுன்னு பார்த்துப் பார்த்து. பேச்செல்லாம் சும்மா, நடுவுல காலியா விடக் கூடாதேன்னு பேசறது.”

“அந்தச் சும்மாலதான் நான் இத்தனை சோபா முடிச்சிருக்கேன்,” என்றாள் மாஸ்டரம்மா.

யாரும் சிரிக்கவில்லை. அப்போது ஸ்டூலிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

“புதன்கிழமை ஒண்ணு போட்டீங்களே,” என்றார் டிரைவர். “தனியா ஒரு வயலின்ல ஆரம்பிக்கும். அது முடிஞ்சதும் ஒரு அம்மா பாடற தாலாட்டு.”

பகல்காரர் மொத்தமாக அவர் பக்கம் திரும்பினார். “ஆமா. ரெண்டுக்கும் நடுவுல நான் பேசவே இல்ல.”

“பேசல. பேசியிருந்தா கெட்டிருக்கும். அது விட்ட இடத்துலயே இது எடுத்துக்குது. கியர் மாத்தினதே தெரியல சார். பின் சீட்டுல தூங்கறவன்கூட முழிச்சிருக்க மாட்டான்.”

“அதை யாராவது கவனிப்பாங்களான்னு நான்...” என்று ஆரம்பித்த பகல்காரர், அதை முடிக்காமல் கோழியை மறந்து, குடையை மறந்து, டிரைவரிடம் பாட்டுப் பேச ஆரம்பித்தார். எந்தப் பாட்டுக்குப் பின் எது வந்தது, மழை பெய்த அன்று என்ன போட்டார், ஏன் அந்தக் கடைசிப் பாட்டைப் பாதியில் மங்க விட்டார் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். டிரைவர் மேசையில் விரலால் தாளம் போட்டுக் காட்டினார்.

மாஸ்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து கணவரின் முகத்தில் இந்த வெளிச்சத்தை அவள் பார்க்கவில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சரி, நான் பேசறது எப்படி இருக்கும் உங்களுக்கு?” என்று கேட்டார் பகல்காரர்.

“கேட்டதில்ல சார்.”

மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

“நீங்க பேச வந்தா சத்தத்தைக் குறைச்சுடுவேன்.”

“ஏன்?” என்று கேட்டது பகல்காரர் இல்லை, மாஸ்டரம்மா.

டிரைவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வயித்தெரிச்சல்தான். அவரு ஒரு வார்த்தை சொன்னா நீ பத்து வார்த்தை பதில் சொல்றே. என்கிட்ட நூல்கண்டு கேக்கறதோட சரி.”

மாப்பிள்ளைதான் நிலைமையைத் தூக்கி நிறுத்தினார். “அப்ப இந்த வீட்ல ஒருத்தர்கூட முழுசா நிகழ்ச்சி கேட்டதில்ல. சார், தயவுசெய்து இதை வெளிய சொல்லிடாதீங்க.”

பகல்காரர் சிரித்தார். சிரித்த வேகத்தில் மறுபடி மாப்பிள்ளை மேலேயே சரிந்தார். மகளும் சிரித்துவிட்டாள். டிரைவரின் மீசை கூடக் கொஞ்சம் அசைந்தது. மாஸ்டரம்மா மட்டும் சிரிக்காமல், கணவரின் தட்டில் ஒரு துண்டு கோழியை எடுத்து வைத்தாள்.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் பகல்காரர் கிளம்பினார். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

“திங்கட்கிழமை ஒரே ஒரு பாட்டுக்காவது மெஷினை நிறுத்துங்கம்மா.”

“நிறுத்தறேன். எந்தப் பாட்டுக்கு நிறுத்தணும்னு நீங்க சொல்ல வேண்டாம். அவரு சொல்லுவாரு,” என்றாள் மாஸ்டரம்மா.

திங்கட்கிழமை. டிரைவர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

“அப்புறம், தப்பா நினைக்கக் கூடாது,” என்று இழுத்தார் பகல்காரர். “நாற்காலி ரொம்ப அழகா இருக்கு. ஆனா இடது பக்கம் மேடா இருக்குங்க. நான் சரிஞ்சுட்டே இருந்தேன்.”

“இருக்காது சார்,” என்றார் மாப்பிள்ளை பதறி. “அத்தை கைவேலைல அப்படி வரவே வராது.”

“மேடாத்தான் இருக்கும்,” என்றாள் மாஸ்டரம்மா. “அது உங்களுக்குத் தச்சதில்லைங்க. உங்களுக்கு என் நாற்காலியில ஒரு மெத்தையைப் போட்டுத் தரலாம்னு இருந்தேன். மாப்பிள்ளை முந்திக்கிட்டாரு. மன்னிச்சுக்கங்க.”

சொல்லிவிட்டு, எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பகல்காரரை வழியனுப்ப மாப்பிள்ளை தெருமுனை வரை போனார்.

டிரைவர் மேசை அருகே நின்றார். உள்ளங்கையால் அந்த நாற்காலியை அழுத்திப் பார்த்தார். இடது பக்கம் கெட்டியாக எழும்பியிருந்தது, வலது பக்கம் தணிந்திருந்தது. காலம் பூராவும் கிளட்சை மிதித்து மிதித்து இடது பக்கமாக இறங்கிப்போன இடுப்பு அவருடையது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இடது பக்கம் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும், எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொள்வார். யாரிடமும் சொன்னதில்லை.

மெதுவாக உட்கார்ந்தார்.

இடுப்பு நேராக நின்றது. முதுகு தானாகச் சாய்ந்துகொண்டது. வலி எங்கே என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது.

மகள் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அம்மா அந்தப் பழைய ஸ்பாஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

“எப்ப அளவெடுத்தே?” என்று டிரைவர் சமையலறைப் பக்கம் கேட்டார்.

“எடுக்கல. அதான் அந்தப் பழைய ஸ்பாஞ்சுல அப்படியே இருந்துச்சே.” தண்ணீர் ஓடும் சத்தத்தோடு பதில் வந்தது. “நீங்க எவ்வளவு இறங்கி உட்கார்ந்திருக்கீங்கன்னு அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. சொல்லியிருந்தா எப்பவோ தச்சுக் குடுத்திருப்பேன்.”

“அன்னைக்கு போங்கன்னு சொன்னே.”

“சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன். போகணும்னா போங்க.” தண்ணீர் நின்றது. மாஸ்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். குரல் வழக்கம்போல நிமிர்ந்துதான் இருந்தது, கண்தான் அவரைவிட்டு நகரவில்லை. “ஆனா போயிட்டு வந்தாலும், போகாமலே இருந்தாலும், உங்க இடம் இதுதான். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. உங்களுக்கு இருந்துச்சு போல.”

டிரைவர் பதில் சொல்வதற்குள் ஜன்னல் மேடையில் வைத்திருந்த போன் அடித்தது.

எட்டு மணி. மகள் போனை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினாள். மேனேஜர் என்றால் போனில்கூட எழுந்து நின்று பேசுவதுதான் டிரைவரின் வழக்கம். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப்போனார்.

“எழுந்திரிக்காதீங்க,” என்றாள் மாஸ்டரம்மா. “என்ன சொல்றதா இருந்தாலும், உட்கார்ந்தே சொல்லுங்க.”

டிரைவர் மேசை விளிம்பை விட்டுவிட்டார். புது நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்தார்.